உழைப்பவரின் காலும் மருத்துவச் சந்தையின் விலையும்

தலைநகர் தில்லியின் தென்பகுதியில், வட்டச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது மோதி பாக். ஒன்றிய அரசு ஊழியர் குடியிருப்பாகப் பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட பகுதி அது. அரசுப் பணிக்காகத் தலைநகர் சென்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பயிலத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கே இயங்குகிறது. அருகே எழுந்துள்ள நியூ மோதி பாக் வளாகத்தில் அரசுச் செயலாளர்கள் உள்ளிட்ட உயரதிகாரிகள் வாழ்கின்றனர். அங்கிருந்து வட்டச் சாலையில் கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் சப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸ் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்கின்றன. நாட்டின் கொள்கைகளை வகுப்போர் உறங்கும் இடத்துக்கும், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த நோயாளிகள் தங்கள் முறைக்காக நடைபாதையில் படுத்துறங்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவு அவ்வளவுதான்.

அந்த நடைபாதையில் காத்திருப்போரில் காலில் கட்டுப் போட்டவர்களையும் காணலாம். கருத்துப்போன விரல், ஆறாத புண், இரவெல்லாம் உறங்கவிடாத வலி. இவை காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் அடைபட்டதன் அறிகுறிகள். இந்நோய்க்கு மருத்துவம் உண்டா எனில், உண்டு. அது யாருக்குக் கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பவையே அரசியல் கேள்விகள்.

தமனி அடைப்பு ஒரே நாளில் வருவதன்று. முதலில் சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி குறையும். மூட்டை சுமப்பவரும் நாள் முழுவதும் நின்று காவல் காப்பவரும் அதை உழைப்பின் களைப்பென்றே எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அடைப்பு முற்றும்போது ஓய்விலும் வலிக்கும். சிறு கீறல்கூட ஆறாது. பின்னர் அழுகல் தொடங்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் நோயோ வேறு வகையில் கொடியது. அதன் சுவர் நலிந்து பலூன்போல் வீங்கினாலும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வெடித்துவிட்டால் மருத்துவமனை சேர்வதற்குள் பலர் உயிரிழக்கின்றனர். அறிவியலாளர் ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரலில் இறந்தது வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் வெடித்ததால்தான்.

இந்நோய்களின் வேர்கள் சமூகத்தில் உள்ளன. புகையிலை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை முதன்மைக் காரணங்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கூறியது. 2016–17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பீடி புகைக்கும் ஏழை உழைப்பாளிகளை நாற்பது வயதுக்குள்ளாகவே தாக்கிக் கைகால் விரல்களைப் பறிக்கும் பர்ஜர் நோய் மேலை நாடுகளில் அரிதாகிவிட்டது; இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் காணப்படுகிறது. காலை இழந்த கட்டடத் தொழிலாளி வேலையை இழக்கிறார். அவர் பிள்ளை பள்ளியை இழக்கிறது. அவர் குடும்பம் கடனில் விழுகிறது.

மருத்துவ அறிவியல் இத்துறையில் அடைந்த முன்னேற்றம் மகத்தானது. ரத்தநாளங்களைத் தைத்து இணைக்கும் முறையைக் கண்டறிந்த அலெக்சிஸ் காரெல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1948இல் பாரிஸ் நகரில் ழான் குன்லின், நோயாளியின் காலிலிருந்தே எடுத்த சிரையைக் கொண்டு அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி அமைத்தார். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர், காலை வெட்ட மறுத்த மூதாட்டி ஒருவரின் அடைபட்ட தமனியை அறுவையின்றி, மெல்லிய குழாய்களைச் செலுத்தியே விரித்தார். பெருந்தமனிக்குள் குழாய் வழியே உறையிட்ட ஸ்டென்ட்டைப் பொருத்தும் முறையை 1987இல் சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் நிகழ்த்திக் காட்டினார் நிக்கொலாய் வொலோதோஸ். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு இம்முறையை 1990இல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி செய்தார். உலகம் அவரை உடனே அறிந்தது. ரஷ்ய மொழி இதழ்களில் வெளியான வொலோதோசின் பணி மேற்குலகில் ஏற்பு பெறப் பல ஆண்டுகள் ஆயின. பல நாட்டு மருத்துவர்கள், பொறியாளர்கள், தொழிலாளர்களின் கூட்டு உழைப்பில் விளைந்த அறிவு இது. அதன் பயனோ சில நிறுவனங்களின் விலைப்பட்டியலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

இதயத் தமனி ஸ்டென்ட்டின் வரலாறு இதற்குச் சான்று. தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கும் மக்கள் நல இயக்கங்களின் தொடர் வலியுறுத்தலும் சேர்ந்து, 2016இல் இதய ஸ்டென்ட்டை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்க வைத்தன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலையை அறிவித்தது. சராசரியாக 45 ஆயிரம் ரூபாய்க்கு விற்ற சாதாரண உலோக ஸ்டென்ட்டின் விலை 7,260 ரூபாயாகவும், 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாயாகவும் இறங்கின. அதுவரை நோயாளிகளிடம் பறிக்கப்பட்டது எவ்வளவு என்பதை இந்த வேறுபாடே உரக்கச் சொன்னது. மறு ஆண்டே தில்லி வட்டாரத்தின் 4 தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை அதே ஆணையம் ஆராய்ந்தபோது, சில பொருட்களில் லாப விகிதம் 1,700 சதவீதத்தையும் தாண்டியிருந்தது வெளிப்பட்டது.

ஆனால் அந்த உச்சவிலை இதயத் தமனியோடு நின்றுவிட்டது. காலின் தமனிக்கான ஸ்டென்ட்டுக்கும் மருந்து பூசிய பலூனுக்கும் பெருந்தமனிக்கான உறையிட்ட ஸ்டென்ட்டுக்கும் அத்தகைய வரம்பு இல்லை. 2020 ஏப்ரல் முதல் அனைத்து மருத்துவ உபகரணங்களும் சட்டப்படி மருந்து என்ற வரையறைக்குள் வந்தன. எனினும் பட்டியலில் சேராத பொருளுக்கு உள்ள கட்டுப்பாடு, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை உயர்த்தக் கூடாது என்பது மட்டுமே. முதல் விலையை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு! இதயத்துக்குள் செல்லும் ஸ்டென்ட்டில் கொள்ளை கூடாது, தொடைக்குள் செல்லும் ஸ்டென்ட்டில் கூடும் என்பதற்கு மருத்துவத்திலோ சட்டத்திலோ எந்த நியாயமும் இல்லை.

நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. 2015 ஜனவரி முதல் மருத்துவ உபகரணத் துறையில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீடு தானியங்கி வழியில் அனுமதிக்கப்படுகிறது. ஆயினும் நாட்டின் தேவையில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதியே. 2017 விலைக் குறைப்புக்குப் பின் சில பன்னாட்டு நிறுவனங்கள் தம் உயர்வகை ஸ்டென்ட்டுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கோரின. அமெரிக்க உபகரண நிறுவனங்கள் தம் அரசிடம் முறையிட்டன. 2019 ஜூனில் இந்தியாவுக்கான வர்த்தகச் சலுகையை டிரம்ப் நிர்வாகம் பறித்ததற்குப் பின்னணியில் இந்த முறையீடும் இருந்தது. ஓர் இந்திய நோயாளியின் காலுக்கான விலை வாஷிங்டனின் வர்த்தகப் பேச்சுவார்த்தையில் பேரம் பேசப்படுகிறது என்பதே ஏகாதிபத்தியம் என்ற சொல்லின் அன்றாடப் பொருள்.

சந்தையின் ஆட்சி விலையோடு முடிவதில்லை. எந்தச் சிகிச்சை என்பதையும் அது தீர்மானிக்க முயல்கிறது. நடந்தால் மட்டும் வலிக்கும் தொடக்க நிலையில் புகையிலையை விடுதலும், முறையான நடைப்பயிற்சியும், மலிவான மாத்திரைகளுமே முதல் மருத்துவம். அந்நிலையிலேயே ஸ்டென்ட் வைக்கத் தூண்டுவது வணிகம். முற்றிய நிலையில் நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸ் அறுவையே மேலான பலன் தருவதாக 1,830 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கண்டது. முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்பில் குழாய்வழிச் சிகிச்சையை முதலில் செய்வதே மேல் என்று 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கூறியது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் எது பொருந்தும் என்பதை இரு முறைகளிலும் தேர்ந்த மருத்துவர் குழு முடிவு செய்ய வேண்டும். நோயாளியின் சொந்தச் சிரையை விற்று எந்த நிறுவனமும் லாபம் ஈட்ட முடியாது. ரசீதின் தொகையை வைத்து மருத்துவரை மதிப்பிடும் மருத்துவமனையில் அந்தச் சிரைக்காகப் பரிந்து பேச யார் இருக்கிறார்?

காலம் தாழ்வதும் வர்க்கக் கேள்வியே. ரத்தக்கட்டி அடைத்துக் காலுக்கு ரத்தம் திடீரென நின்றுவிட்டால், சுமார் 6 மணி நேரத்துக்குள் அதை மீட்டாக வேண்டும். பெருநகரத்துக்கு வெளியே எத்தனை மாவட்டங்களில் அந்த அவகாசத்துக்குள் ரத்தநாள அறுவை நிபுணரை அடைய இயலும்? நாட்டில் இத்துறையைத் தனித்துறையாக வளர்த்த முன்னோடிகளில் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அரசு மருத்துவமனையால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்த வசதி மாவட்டந்தோறும் விரியாத வரை, காலைக் காக்க இயலாமல் வெட்டி எடுப்பதே எளிய மருத்துவமாக நீடிக்கும்.

மோதி பாக் போன்ற குடியிருப்புகளில் இந்த வர்க்க வேறுபாடு ஒரே வாயிலுக்குள் தெரிகிறது. அரசு ஊழியருக்கு 1954 முதல் ஒன்றிய அரசின் சுகாதாரத் திட்டம் உண்டு. போராடிப் பெற்ற உரிமை அது. அத்தகைய வளாகங்களைப் பெருக்கும், காக்கும், அங்கே சமைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வீட்டுவேலைத் தொழிலாளிக்கும் அந்தத் திட்டம் இல்லை. ஆயுஷ்மான் பாரத் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருவதாக விளம்பரப்படுத்தப்படுகிறது. அது மருத்துவமனையில் படுத்த பின்னரே திறக்கும் கதவு. கால் வலிக்கத் தொடங்கும் நாளில் செய்ய வேண்டிய பரிசோதனைக்கும், வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய மாத்திரைக்கும் அது பயன்படாது. சலுகை விலையில் நிலம் பெற்ற தில்லித் தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளிகளில் 10 சதவீதத்தினருக்கும் புறநோயாளிகளில் 25 சதவீதத்தினருக்கும் இலவச மருத்துவம் தர வேண்டும் என்று 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் இக்கடமையை உறுதி செய்தது. அப்படியோர் உரிமை இருப்பதே நடைபாதையில் படுத்திருப்போர் பலருக்குத் தெரியாது.

மாற்று வழி கற்பனையன்று. அமெரிக்க முற்றுகைக்குள் வாழும் கியூபா, சர்க்கரை நோயாளிகளின் முற்றிய கால் புண்ணுக்கான ஹெபர்புரோட்–பி என்னும் ஊசி மருந்தைத் தன் பொதுத்துறை ஆய்வகத்திலேயே உருவாக்கி, 2006இல் பதிவு செய்து, குடும்ப மருத்துவர் அமைப்பின் வழியே மக்களுக்கு வழங்குகிறது. அடைபட்ட தமனியை அது திறந்துவிடாது. ஆனால் புண் ஆறிக் கால் தப்ப உதவுகிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 65 வயதாகும் ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனியை ஸ்கேன் செய்து பார்க்கிறது. இந்தியாவிலும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பின்னர் இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில் கிடைத்தது. இதய வால்வைச் செய்ய முடிந்த நாட்டால் கால் தமனி ஸ்டென்ட்டைப் பொதுத்துறையில் செய்ய முடியாதா?

மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025க்குள் பொதுச் சுகாதாரத்துக்கு அரசு செலவிடும் என்று 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அரசின் சொந்தக் கணக்குப்படியே 2021–22இல் அது 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மருத்துவச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதத்தை மக்கள் தம் சட்டைப் பையிலிருந்தே கொடுத்தனர்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கால் தமனிக்கும் பெருந்தமனிக்கும் உரிய ஸ்டென்ட், பலூன், செயற்கை ரத்தநாளம் அனைத்தையும் உடனடியாக உச்சவிலை வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் இந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. பொதுத்துறையில் அவற்றின் ஆராய்ச்சிக்கும் உற்பத்திக்கும் நிதி ஒதுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் ரத்தநாள அறுவைப் பிரிவு வேண்டும். மாவட்ட மருத்துவமனையிலிருந்து அங்கே நோயாளியை உரிய நேரத்தில் சேர்க்கும் ஏற்பாடும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், வீட்டுவேலைத் தொழிலாளர் அனைவருக்கும் புறநோயாளிச் சேவையையும் உள்ளடக்கிய பாதுகாப்பு வேண்டும்.

இவற்றுள் மிக மலிவானதும் மிகுந்த பலன் தரக்கூடியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குவது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையும் கையடக்க டாப்ளர் கருவியும் இருந்தால், பயிற்சி பெற்ற செவிலியர் கணுக்காலின் அழுத்தத்தையும் கையின் அழுத்தத்தையும் சில நிமிடங்களில் ஒப்பிட்டுவிடலாம். விகிதம் 0.9க்குக் கீழிருந்தால் தமனி அடைப்பு உண்டெனக் கொள்ளலாம். சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரின் பாதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்தால், வெட்டப்படும் கால்களில் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியும்.

இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கக் கிளைகளும் மாதர், வாலிபர் அமைப்புகளும் கையிலெடுக்க வேண்டும். சுமைப்பணி, கட்டுமானம், பீடி, துப்புரவுத் தொழிலாளரிடையே கால் பரிசோதனை முகாம்கள் நடத்துவதும், நடக்கும்போது வரும் கெண்டைக்கால் வலியை அலட்சியம் செய்யலாகாது என்று சொல்வதும், தில்லியில் இலவசப் படுக்கை உரிமையைக் கேட்டுப் பெற்றுத் தருவதும் கட்சிக் கிளைகள் இன்றே செய்யக்கூடிய பணிகள். இதய ஸ்டென்ட்டின் விலை இறங்கியது எவரது கருணையாலும் அன்று. நீதிமன்றத்திலும் தெருவிலும் எழுந்த அழுத்தத்தால். அதே அழுத்தம் மீண்டும் எழ வேண்டும். நாட்டைச் சுமந்து நிற்கும் கால்கள், விலை கொடுக்க வழியில்லை என்பதற்காக வெட்டப்படுவதை உழைக்கும் வர்க்கம் இனியும் விதியென்று ஏற்கலாகாது.