விடைபெறும் உரிமை

ஒரு நாவலை முடித்துவிட்டு இரண்டு நாள் வேறெதிலும் மனம் ஒட்டாமல் இருப்பவரை நல்ல வாசகர் என்கிறோம். ஒரு வீடியோ கேமின் கதை முடிந்து அதே நிலையில் இருப்பவரிடம் எழுந்து போய் வேலையைப் பார் என்கிறோம். இந்தப் பாரபட்சம் பழக்கத்தால் வந்தது. இதற்கு வேறு நியாயம் கிடையாது. தொடர்கதை மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு முடிவின் வெறுமை நன்றாகவே தெரியும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற வாசகர்களின் கேள்விக்காகக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு விக்கிரமன் அந்தக் கதையை ‘நந்திபுரத்து நாயகி’யில் தொடர்ந்தார். இன்று அதே வெறுமை கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர்களிடம் இருக்கிறது. அது மெய்யான துக்கம் என்றும், கதையை நீட்டுவதாலோ முடிவை மாற்றுவதாலோ அது ஆறாது, முறையாக விடைபெறுவதால்தான் ஆறும் என்றும் இந்த இதழ் கருதுகிறது.

இந்தத் துக்கத்துக்கு நாவலில் இல்லாத ஒரு கூறு உண்டு: கேமில் நடப்பதில் பெரும்பகுதி விளையாடுபவரின் கையால் நடக்கிறது. ராக்ஸ்டார் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ஐப் பாருங்கள். 1899ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடக்கும் கதை. நாயகன் ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். கதையின் தொடக்கப் பகுதியில், கூட்டம் வட்டிக்கு விட்ட பணத்தை வசூலிக்க தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளி விவசாயியின் வீட்டுக்குப் போகிறான். அந்த மனிதரை அடிக்கும் பொத்தானை அழுத்துவது விளையாடுபவர்தான். அடிபட்டவர் இருமுகிறார், ஆர்தரின் முகத்தில் ரத்தம் தெறிக்கிறது. பல மணி நேரம் கழித்து செயின்ட் டெனிஸ் நகரத்து மருத்துவர் ஆர்தருக்குக் காசநோய் என்கிறார். அது எங்கே தொற்றியது என்பது யாரும் சொல்லாமலே விளையாடுபவருக்குப் புரிந்துவிடுகிறது. வாசகர் ஒரு பாத்திரத்துக்காக வருந்துகிறார். இங்கே வருத்தத்தோடு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. ஐம்பது, அறுபது மணி நேரம் ஒருவனாக நடந்து, குதிரை ஏறி, தப்புச் செய்து, திருந்தவும் முயன்றபின் அவன் மலைமேல் செத்துப்போனால், அதைப் பொழுதுபோக்கு முடிந்த சலிப்பு என்று தள்ளிவிட முடியாது.

இத்தகைய துக்கத்துக்கு விடைபெற வழி தராதபோது என்ன ஆகும் என்பதற்குச் சான்று, 2012 மார்ச்சில் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட் 3’. 2007இல் தொடங்கிய மூன்று பாகக் கதை அது. முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பது ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்பு வழியாக அடுத்தடுத்த பாகங்களுக்கு வந்து சேரும். ஐந்தாண்டு இப்படிச் சேர்த்த தேர்வுகள் கடைசிப் பத்து நிமிடங்களில் மூன்று வாய்ப்புகளாகச் சுருங்கின. எதைத் தேர்ந்தாலும் அடுத்து வந்த காட்சிகள் பெரும்பாலும் ஒன்றே. வெடிப்பின் நிறம்தான் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. ரசிகர்கள் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அமைப்புக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்துத் தங்கள் மனக்குறையைத் தெரிவித்தார்கள். மூன்று நிறத்தில், ஆனால் ஒரே சுவையில் செய்த கப்கேக்குகளை நிறுவனத்தின் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில் கசப்பும் வசையும் இருந்தன. அவற்றை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கோபத்தின் அடியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு நடந்தது காட்டிக்கொடுத்தது.

அதே ஆண்டு ஜூனில் நிறுவனம் முடிவுப் பகுதியை விரித்து இலவசமாக வெளியிட்டது. அந்த மூன்று முடிவுகளும் அப்படியே இருந்தன. புதிதாக வந்தவற்றில் முக்கியமானவை: கடைசிப் போரின் நடுவே கூட வந்தவர்களிடம் விடைபெறும் ஒரு காட்சி, ஒவ்வொரு முடிவுக்கும் பிறகு உலகம் என்ன ஆனது என்ற விவரம், நாயகன் ஷெப்பர்டின் விண்கப்பலில், இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள் பதித்த நினைவுச் சுவரின் முன் அவன் பெயரைக் கையில் ஏந்தி நிற்கும் தோழரின் காட்சி. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த ‘சிட்டடெல்’ என்ற கூடுதல் பகுதி இன்னும் ஒரு படி போனது. அதன் உச்சம், பழைய தோழர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து நடத்தும் ஒரு விருந்து. அதன் பிறகும் நாயகனின் விதி மாறவில்லை. ஆயினும் அந்தத் தொடரின் உண்மையான முடிவு அந்த விருந்துதான் என்று சொல்கிற ரசிகர்கள் இன்றும் பலர். எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை, தங்கள் தேர்வுகளுக்கு மதிப்பில்லாமல் போனது என்ற குறை பலருக்குத் தீரவே இல்லை. ஆனாலும் ஆறிய அளவுக்கு அந்த மனங்களை ஆற்றியது வேறொரு முடிவல்ல, விடைபெறுவதற்குக் கிடைத்த அவகாசம்.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ இதை முன்கூட்டியே உணர்ந்த படைப்பு. ஆர்தர் இறந்ததும் அது விளையாடுபவரை வெளியே அனுப்பிவிடுவதில்லை. ஆண்டு 1907, ஆர்தர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஜான் மார்ஸ்டனாக விளையாட வேண்டும். பண்ணையில் சாணி அள்ள வேண்டும், பசுவில் பால் கறக்க வேண்டும், கடன் வாங்கி நிலம் எடுத்து ஆணி அடித்து வீடு கட்ட வேண்டும். துப்பாக்கிச் சண்டைக்குப் பழகிய சிலருக்கு இது இழுவை. ஆனால் சாவு வீட்டில் பந்தல் போடுவதும் பந்தி வைப்பதும் எப்படி அழுத கைகளுக்கு வேலை கொடுத்து மனதைத் தாங்குகின்றனவோ, அதைத்தான் அந்தப் பகுதி செய்கிறது. ஆர்தரின் நாட்குறிப்பு இப்போது ஜானின் பையில் இருக்கிறது. முன்பக்கங்களில் ஆர்தரின் தேர்ந்த ஓவியங்கள். அவற்றைத் தொடர்ந்து ஜானின் கோணல்மாணல் கிறுக்கல்கள். பக்கத்தைப் புரட்டும்போதே ஒருவர் போனதும் இன்னொருவர் தொடர்வதும் கண்ணில் படுகின்றன. மலையில் ஆர்தரின் கல்லறையும் இருக்கிறது. போய்ப் பார்க்கும்படி கதை கட்டாயப்படுத்துவதில்லை. போக விரும்பியவர் தேடிக்கொண்டு போகலாம்.

இதற்கெல்லாம் வரும் முதல் மறுப்பு, கேம் ஒரு சரக்கு, அந்த உணர்ச்சி தயாரித்து விற்கப்பட்டது என்பது. வார இதழ்த் தொடர்கதையும் விற்பனைக்கு வந்ததுதான். அதற்காக வாசகரின் கண்ணீர் போலியாகிவிடவில்லை. கெரென் எயால், ஜோனதன் கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள், 2004இல் ‘ஃபிரண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் முடிந்தபோது அதைப் பார்த்த மாணவர்களை ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். பிடித்த பாத்திரத்தோடு பிணைப்பு எவ்வளவு நெருக்கமோ பிரிவின் வருத்தமும் அவ்வளவு அதிகம் என்று கண்டார்கள். வெறுமனே பார்த்த பாத்திரத்துக்கே இப்படி என்றால், பார்வையாளரே நடத்திச் சென்ற பாத்திரத்துக்கு வருந்துவதில் வியப்பில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: மறுபடி முதலிலிருந்து விளையாடலாமே, அப்படியிருக்க எது முடிந்தது? இதற்கு விடையைக் கேம்களே தருகின்றன. டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ 2015இல் வந்தது. யாரையும் கொல்லாமல் நல்ல முடிவை எட்டியவர் மறுபடி திறந்தால் ஒரு பாத்திரம் வந்து, எல்லோரும் இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அழித்துத் தொடங்கி அதைப் பறித்துவிடாதே என்று மன்றாடுகிறது. யோகோ தாரோ இயக்கிய ‘நியர்: ஆட்டோமேட்டா’ 2017இல் வந்தது. அதன் இறுதிச் சண்டையைத் தனியாக வெல்வது மிகவும் கடினம். உதவியை ஏற்றால், முகமறியாத மற்ற ஆட்டக்காரர்களின் கப்பல்கள் சுற்றி நின்று குண்டுகளைத் தாங்குகின்றன. வென்றபின் ஒரு கேள்வி: இன்னொருவருக்கு இதே உதவியைச் செய்ய உன் சேவ் கோப்பைத் தருவாயா? சம்மதித்தால், சேர்த்த ஆயுதங்களும் முடித்த வேலைகளும் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே அழிகின்றன. தெரிந்தே இதைச் செய்தவர்கள் ஏராளம். திரும்பிப் போகும் வழியை மூடுவதுதான் சிலருக்கு ஆறுதல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இனி என்ன நடக்கும் என்று தெரியாமல் ஒரு கதைக்குள் போவது ஒருமுறைதான் வாய்க்கும். இரண்டாம் முறை விளையாடுவது மறுவாசிப்பு. அதன் மதிப்பு வேறு.

அப்படியானால் முடிவை மாற்றச் சொல்லும் உரிமை காசு கொடுத்தவருக்கு இல்லையா? வாக்களித்த அம்சம் இல்லையென்றால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நாயகன் சாகக்கூடாது என்று கேட்பது வேறு. அது படைப்பாளியின் முடிவு. அதை வாக்கெடுப்புக்கு விட்டால் மிஞ்சுவது யாரையும் நோகடிக்காத, யாரையும் தொடாத கதைகள்தாம். இதன் மறுபக்க ஆபத்து, வசூல் நிற்கக்கூடாது என்பதற்காக எந்தக் கதையையும் முடியவே விடாத தொழில். ஓய்வில்லாமல் புதுப் பருவங்களும் பாகங்களும் வந்துகொண்டிருந்தால், துக்கப்பட நேரமும் இல்லை, நினைத்துப் பார்க்கத் தூரமும் இல்லை.

எனவே மூன்று தரப்பாருக்கும் சொல்ல இருக்கிறது. கேம் செய்பவர்களே, முடிவைத் துணிந்து எழுதுங்கள், கூடவே விடைபெற இடம் விடுங்கள். விளையாடி முடித்தவர்களே, உடனே அடுத்ததைத் திறக்காதீர்கள். கடைசி சேவுக்குத் திரும்பிப் பழைய இடங்களில் ஒருமுறை நடந்து பாருங்கள், என்ன செய்தீர்கள், எதற்கு வருந்துகிறீர்கள் என்று எழுதுங்கள், அதே கதையை முடித்த இன்னொருவரிடம் பேசுங்கள். நாவலுக்கும் சினிமாவுக்கும் பக்கம் ஒதுக்கும் நம் சிற்றிதழ்கள் அந்த எழுத்துக்கும் பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு தலைமுறை தன் முதல் பெரிய கதைத் துக்கத்தை வீடியோ கேமில் அனுபவிக்கிறது. அதைத் தமிழில் சொல்ல அதற்கு வாய்ப்புத் தருவது நம் பொறுப்பு.