காட்டுத் துப்பாக்கியும் நம் கைத்தட்டலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். விருப்பத் தலைப்புச் சுற்றில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேடையேறினான். ஈழப் போரில் விடுதலைப் புலிகள் கையாண்ட படைக்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். எறிகணைகள், கண்ணிவெடிகள், கடற்படகுகள், இரும்புக் கவசம் பூட்டிய மண்தள்ளும் இயந்திரம், சிறு விமானங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னான். குண்டின் அளவு சொன்னான். பாயும் தொலைவு சொன்னான். கைப்பேசியில் பார்த்து மனனம் செய்தது என்பது எல்லார்க்கும் தெரிந்தே இருந்தது. இருந்தும் மண்டபம் அதிர்ந்தது. பெற்றோர் கைதட்டினர்; ஆசிரியர்களும் தட்டினர். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இதுவன்றோ தமிழ்ப் பிள்ளை!" என்று முழங்கினார்.

அம்மாணவன்மீது எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இயந்திரங்கள்மேல் ஆசை இருப்பது இயல்பு. ஒரு தலைமுறைக்கு முன் பிறந்திருந்தால் நீராவி இரயிலின் சக்கரங்களை எண்ணியிருப்பான். என் வழக்கு கைதட்டியவர்களோடுதான். அவர்களுள் என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதால் இதனை எழுதுகிறேன்.

அவன் சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1991 சூலையில் ஆனையிறவு முகாமைப் புலிகள் முற்றுகையிட்டபோது, மண்தள்ளும் இயந்திரம் ஒன்றுக்கு இரும்புத் தகடுகள் பூட்டிக் கவச ஊர்தியாக்கி முன்செலுத்தினர். இலங்கைப் படைவீரன் ஒருவன் கையெறிகுண்டுகளுடன் அதன்மேல் ஏறித் தன்னையும் மாய்த்து அதனையும் நிறுத்தினான். உள்ளே இருந்தவர்களும் மாண்டனர். அவ்வியந்திரத்தின் எலும்புக்கூட்டை இன்று ஆனையிறவில் அரசு காட்சிப் பொருளாக நிறுத்தியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவன் சொன்ன சிறு விமானங்கள், நால்வர் அமரக்கூடிய செக்கு நாட்டு விமானங்கள், 2007 மார்ச்சில் கட்டுநாயக்காமீது குண்டு வீசின. ஈராண்டுகளும் சில வாரங்களும் கழிந்தபோது, 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் மணலில் எல்லாம் முடிந்துபோயின. பட்டியலில் இருந்த எந்தக் கருவியும் அந்த மணலில் சிக்கிக்கிடந்த மக்களுள் ஒரு குழந்தைக்கு நிழல் தரவில்லை. மாணவன் இதனைச் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருந்தால், அவர்களும் சொல்லவில்லை.

போட்டி முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, நம் கரங்கானுக்குக் கிழக்கே தெரிகிறதே மலைக்காடு, அதற்குள் ஒரு காலத்தில் ஓர் ஆயுதப் படை இருந்தது. அவர்கள் கையில் என்ன துப்பாக்கி இருந்தது தெரியுமா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். அருகில் நின்ற அவனுடைய ஆசிரியரும் விழித்தார். கடல் கடந்த போரின் குண்டளவு நம் பிள்ளைக்குத் தெரிகிறது. தாத்தன் பால் வெட்டிய நிரைக்கு அப்பால் நடந்த போரில் என்ன இருந்தது என்பது தெரியவில்லை. தெரிந்தால் கைதட்டத் தோன்றுமா என்பதைப் பார்ப்போம்.

மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் காட்டுப்படை வைத்திருந்த துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை எங்கே செய்யப்பட்டவை? சீனத்திலா, உருசியாவிலா? அல்ல. இங்கிலாந்தில்! 1941 டிசம்பரில் இதே கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை உடைந்தது. சப்பானியரிடம் டாங்கிகள் இருந்தன. மலாயாவைக் காக்க வந்த பேரரசிடம் ஒரு டாங்கி கூட இல்லை. பின்வாங்கிய படை வழிநெடுகப் போட்டுச் சென்ற துப்பாக்கிகளைப் பொறுக்கியவர்கள் காட்டில் திரண்டுகொண்டிருந்த சப்பானிய எதிர்ப்புப் படையினர். பின்னர் போரின் இறுதிக் காலத்தில் அதே பேரரசு, ஃபோர்ஸ் 136 என்னும் மறைவுப் பிரிவின் வழியாக, இலங்கையிலிருந்து விமானங்களை அனுப்பிக் குடைகட்டி ஆயுதங்களை இறக்கியது. ஸ்டென் துப்பாக்கி, பிரென் இயந்திரத் துப்பாக்கி, கார்பைன், கையெறிகுண்டு எல்லாம் அரசரின் அன்பளிப்பு.

சப்பானியர் சரணடைந்தனர். 1945 டிசம்பரில் காட்டுப்படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்க்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவை ஏறத்தாழ 5,500. விமானத்திலிருந்து இறக்கிக் கொடுத்ததைவிட மிகுதி! கணக்குப் பிள்ளைகள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பொறுக்கியவை எத்தனை, புதைத்தவை எத்தனை என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எண்ணெய் பூசிச் சுற்றிப் புதைத்த துப்பாக்கிகள் 1948இல் மண்ணைவிட்டு எழுந்து, கொடுத்தவனையே குறிபார்த்தன.

ஊர்திகளைப் பற்றிக் கேட்டால் விடை இன்னும் சுருக்கம்: அவர்களிடம் ஊர்தியே இல்லை. நடந்தார்கள். அரிசியையும் தோட்டாவையும் முதுகில் சுமந்தார்கள். தோட்டா தீர்ந்தால் வாங்குவதற்குக் கடையில்லை. பதுங்கித் தாக்கிச் சாய்த்தவர்களின் இடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்தி என்பது அவர்களுக்கு ஏறும் பொருளன்று, எரிக்கும் பொருள். தோட்ட லாரிகளும் பேருந்துகளும் எரிந்தன. பால் கொடுத்த மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. அம்மரத்தை நம்பியிருந்தவன் இலண்டனில் இருந்த பங்குதாரன் மட்டுமா? லயத்தில் இருந்தவனுக்கும் அன்றைய கூலி போயிற்று.

எதிர்ப்புறத்தில் ஊர்திகளுக்குக் குறைவில்லை. துரைமாரின் கார்களுக்கு இரும்புத் தகடு ஏறியது. சாலைகளில் கவச வண்டிகள் உருண்டன. ஆறு சக்கரங்கள் கொண்ட சரசன் என்னும் கவச ஊர்தியை இந்த நாட்டின் தேவைக்காகவே விரைந்து செய்து முடித்தார்கள். வானத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் லிங்கன் விமானங்கள் காட்டின்மேல் குண்டு பொழிந்தன. இத்தனை இருந்தும் 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி தம் காரைவிட்டு இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். படைக்கலப் பட்டியலை வைத்துப் போரின் போக்கைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுபவர்க்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

சரி, இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவே நம்மவர் எங்கே நின்றனர்?

முள்வேலிக்குள் நின்றனர். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் காட்டோரத்தில் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத்து லயங்களும் ஓரிடமாகக் கூட்டப்பட்டு வேலியிடப்பட்டன. விடியலில் பால் வெட்டப் போகும் பெண்ணை வாயிலில் நிறுத்திச் சோதித்தார்கள். வாளிக்குள் அரிசி இருக்கிறதா, மடியில் மருந்து இருக்கிறதா என்று. அரிசி பங்கீட்டில் கிடைத்தது. கடையில் வாங்கும் உணவு டப்பாவைக்கூடக் கடைக்காரன் துளையிட்டுத்தான் தர வேண்டும். காட்டுக்குள் போய் நாள்பட இருந்துவிடக் கூடாதாம். என் அப்பாயி இறக்கும்வரை டப்பா மீனை வாங்கியவுடன் திறந்து சமைத்துவிடுவார். வைத்திருந்தால் குற்றம் என்னும் அச்சம் அவர் கையைவிட்டுப் போகவேயில்லை. பகலில் எசமானின் காவலர் கேட்பார், "இரவு யார் வந்தது?" இரவில் காட்டுக்காரர் கேட்பார், "பகலில் யாரிடம் சொன்னாய்?" இருவர் கையிலும் துப்பாக்கி. இரண்டும் ஒரே நாட்டில் வார்த்தவையாகவும் இருக்கலாம்.

இதற்கு முன்பே நடந்த ஒன்றைக் கரங்கான் வாசகர்க்கு நான் நினைவூட்ட வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது. அவசரகாலம் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1947 ஏப்ரல் இறுதியில், நம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் கூடியிருந்த தொழிலாளர்மீது போலீசார் சுட்டனர். ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமுற்றனர். அப்பொழுது கெடாத் தோட்டங்களில் எழுச்சி பெற்றிருந்தது தொண்டர் படை. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய படை அது. இந்திய தேசிய இராணுவத்தில் கற்ற அணிவகுப்பு இருந்தது, சீருடை இருந்தது, கட்டுப்பாடு இருந்தது. துப்பாக்கி இல்லை. அவர்கள் எதிர்த்து நின்றது கள்ளுக்கடையை. கூலியை வாங்கிய கையோடு கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வருபவனை வீட்டுக்குத் திருப்புவதே அவர்கள் நடத்திய போர். அந்தப் படையைத்தான் ஆட்சி அடக்கிச் சிதைத்தது.

இதனைப் பல்வேறு மேடைகளில் நான் சொன்னதுண்டு. ஒவ்வொரு முறையும் இருவகைப் பேர்கள் வந்து மறுக்கிறார்கள்.

முதல் வகையினர், "ஆயுதம் இல்லாததால்தானே அடங்கிப்போனோம்? கையில் துப்பாக்கி இருந்திருந்தால் டப்ளினில் சுட்டிருப்பார்களா?" என்பர். இவர்களுக்குக் கணபதியின் வழக்கே விடை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. 1948 சூன் மாதத்தில் அச்சம்மேளனம் பதிவிழந்தது. 1949 மார்ச்சில் அவர் பிடிபட்டபோது அவரிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள். அதனைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே கொண்டுசென்றதாக அவர் கூறினார், மன்று ஏற்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்பது அவசரகாலச் சட்டம். நேருவின் அரசு தண்டனையைக் குறைக்கும்படி வேண்டியும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் புடுச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டனர். அதற்கு முதல்நாள் அவருடைய தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிலாளர்களைத் திரட்டிக் கூலியுயர்வு கேட்ட மனிதரைத் தூக்கிலிட ஆட்சிக்குத் தொழிற்சங்கச் சட்டம் போதாமல் இருந்தது. ஆறு தோட்டாக்கள் போதுமாயிருந்தன. கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவரே, இதுதான் ஆயிற்று.

இரண்டாம் வகையினர் என் போன்ற தலைமையாசிரியர்களே. "ஐயா, இது நமக்கு எதற்கு? கம்யூனிஸ்டு, துப்பாக்கி என்று பள்ளியில் பேசினால் வம்பு வரும். பிள்ளைகளுக்குத் திருக்குறள் போதும்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அவர்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. எனக்கும் அது உண்டு. ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். நாம் வாயடைத்து விட்ட இடத்தைக் கைப்பேசி நிரப்பிவிட்டதே, அது எந்த வம்பில் சேரும்? பாடநூலில் அவசரகாலம் இருக்கிறது. நாளும் ஆண்டும் இருக்கின்றன. நாட்டில் 6,700க்கும் மேற்பட்ட காட்டுப்படையினரும், 1,800க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினரும், 2,400க்கும் மேற்பட்ட பொதுமக்களும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாண்டனர் என்பது ஒளித்துவைத்த செய்தியன்று. அவர்களுள் நம் லயத்தவரும் உண்டு என்று சொல்ல ஆசிரியனுக்குத் தனித் துணிவு எதற்கு? சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் துப்பாக்கி என்பது அளவும் பாயும் தொலைவும் உடைய அழகான இயந்திரமாகவே நின்றுவிடும். அதன் இரு முனைகளிலும் ஆள் இருக்கிறான் என்பது தெரியாமலே போகும்.

நம் மாவட்டத்தை அடுத்த பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் ஒருபுறம், சின் பெங்கும் சென் தியனும் ரசீத் மைதீனும் மறுபுறம் அமர்ந்தது அந்தப் பள்ளியின் அறையில்தான். ஆயுதத்தைக் கீழே வைப்பது எப்படி, வைத்தவனை விசாரிப்பதா, விடுவதா, அதற்குச் சரணடைதல் என்று பெயரிடுவதா என்பதிலேயே பேச்சு முறிந்தது. காட்டுக்குள் இருந்தவர்கள் காட்டுக்கே திரும்பினார்கள். 1960 சூலை 31இல் அவசரகாலம் நீக்கப்பட்டது. ஆனால் துப்பாக்கி நீங்கவில்லை. 1968 சூன் 17இல் குரோ பெத்தோங் சாலையில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் மாண்டனர். பின்னரும் எல்லைக் காட்டில் கண்ணிகள் பலர் கால்களைப் பறித்தன. 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆயுதங்களை யாரிடமும் ஒப்படைக்காமல் அவர்களே அழித்துவிடுவது என்று முடிவாயிற்று. பாலிங் பள்ளியறையில் இரண்டு நாளில் தீராத ஒரு சொல்லுக்கு விலை முப்பத்துநான்கு ஆண்டுகள்.

கரங்கானிலிருந்து அந்தப் பள்ளிக்குப் பேருந்தில் போய்ப் பிற்பகலுக்குள் திரும்பிவிடலாம். ஆண்டுதோறும் நம் பள்ளிகள் மாணவரை நீர்ச் சறுக்கு விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கின்றன. வரும் ஆண்டு ஒருமுறை பாலிங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் டப்ளினில் நிறுத்தி, எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அதன்பின் அம்மாணவன் மேடையேறித் தன் பட்டியலைச் சொல்லட்டும். நான் நடுவராக வருகிறேன்.