நாயையும் ஏத்துங்க!



கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு வீடு மாறுகிறார்கள். டி.வி., கட்டில், மிக்ஸி எல்லாம் வேனில் ஏறுகிறது. வளர்த்த நாய் மட்டும் தெருவில்! கேட்டால், 'ஹவுஸ் ஓனர் திட்டுவார்' என்கிறார்கள். இது நியாயமா?

பென் ஃபார்திங் என்ற பிரிட்டன் வீரர், 2006ல் ஆப்கானிஸ்தானின் நவ்சாத் ஊரில் போர்ப் பணியில் இருந்தார். நாய்ச் சண்டை ஒன்றை அவர் விலக்கிவிட, அதில் ஒரு நாய் அவரிடம் ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரையே அதற்குச் சூட்டினார். பணி முடிந்ததும் கைவிடாமல், பிரிட்டனுக்கே வரவழைத்தார். மற்ற வீரர்கள் வளர்த்த நாய்களுக்கும் உதவ, அறக்கட்டளை தொடங்கினார்.

சிதம்பரம் பைக்கில் ஒரு மணி நேரம்தானே! நாய்க்கு வேனில் ஒரு மூலை போதும். வீடு பார்க்கும்போதே, 'நாய் வளர்க்கலாமா?' என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். இதற்காக அடம் பிடித்தால் தப்பே இல்லை!