நடுவே விழும் பந்து

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், கூரையிட்ட உள்ளரங்கு ஒன்றில், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான உலக இரட்டையர் டென்னிஸ் போட்டி நடைபெற்றது. அதில் வாகை சூடிய இருவருள் ஒருவர் நம் தமிழர். சென்னைக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் இரண்டாம் மகனான விஜய் அமிர்தராஜ். மற்றவர் டிக் ஸ்டாக்டன் என்னும் அமெரிக்கர். குடும்ப இதழில் டென்னிசுக்கு என்ன வேலை என்று கேட்கும் தாய்மார்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நானும் அந்த மட்டையைக் கையில் எடுத்து அறியாதவன்தான்; எங்கள் குருமடத்தில் வளையப்பந்தும் கைப்பந்துமே உண்டு.

ஒற்றையர் ஆட்டத்திற்கு ஆடுகளத்தின் அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்திற்கு இரு பக்கமும் நாலரை நாலரை அடி சேர்த்து 36 அடியாக்குகிறார்கள். ஆள் இரட்டிப்பாகிறது, இடமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அவ்வாறாயின் வேலை இலகுவாக வேண்டுமல்லவா? ஆவதில்லை. தேர்ந்த எதிராளி ஓரங்களை விட்டுவிட்டு, இருவருக்கும் நடுவே பந்தைச் செலுத்துவான். இருவருக்கும் எட்டக்கூடிய பந்துதான் அது. அவர் அடிப்பார் என்று இவர் நிற்பார். இவர் அடிப்பார் என்று அவர் நிற்பார். ஒருவர் மட்டையும் படாமல் பந்து கடந்து போகும். சில வேளை இருவரும் ஒருசேரப் பாய்ந்து மட்டைகள் மோதிக்கொள்வதும் உண்டு. ஆகையால் நல்ல இணையர், இது என்னுடையது, இது உன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லியே ஆடுவார்கள். உள்ளரங்கிலோ, வெயில் கண்ணில் அடித்தது, காற்று பந்தைத் தள்ளியது என்னும் சாக்குகளுக்கும் இடமில்லை. நான்கு சுவர்களுக்குள் நடப்பது எதுவாயினும் பொறுப்பு உள்ளே நிற்பவர்களையே சாரும்.

விஜய்க்கு ஆனந்த் என்றொரு தமையன் உண்டு, அவரும் ஆட்டக்காரரே. சிறு வயதில் விஜய் நோயுற்ற பிள்ளை. திறந்த வெளியில் ஓடியாடி விளையாடுவது நல்லது என்னும் மருத்துவர் ஆலோசனையால்தான் களத்திற்கு வந்தார். பிள்ளைகளை ஆளாக்குவதில் தாயார் மேகி அம்மையார் பட்ட பாடு கொஞ்சமன்று. அட்டைப்பெட்டித் தொழிலையும் நடத்திக்கொண்டு அவர்களையும் கண்காணித்தவர் அவர். 1974-இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியில் இச்சகோதரர் இருவரும் இணைந்து ஆடிய ஆட்டம் 99 கேம்கள் நீண்டது. முதல் செட் 17-15, நான்காம் செட்டை 16-18 என்று இழந்தார்கள், ஐந்தாவதில் வென்றார்கள். அப்போது அண்ணனுக்கு 22 வயது, தம்பிக்கு 20. அத்தனை நேரமும் எத்தனை பந்துகள் அவ்விருவருக்கும் நடுவே விழுந்திருக்கும்!

ஆயினும் உடன்பிறப்பு என்பதால் மட்டும் இருவர் இணையாகிவிடுவதில்லை. கான்சாஸ் நகரில் விஜய்க்குத் துணைநின்றவர் அயல்நாட்டவர். அதற்கு முன்பே, 1966-இல் மெல்பர்னில், நம் அண்டையூராகிய நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், ஜெய்தீப் முகர்ஜி என்னும் வங்காளியோடு சேர்ந்து, அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த நியூகோம்ப்-ரோச் இணையைத் தோற்கடித்தார். அந்நியர் இருவர் பழகிப் பழகி ஒன்றாகிறார்கள். திருமண வாழ்வும் அத்தகையதே அன்றோ? ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், பழகாமலே ஒன்றாய் இருந்துவிடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். தம்பியின் பெயர் உலகெங்கும் பரவியபோதும், அமிர்தராஜ் சகோதரர்கள் அப்படி எண்ணியிருந்துவிடவில்லை. 1987 டிசம்பரில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், உள்ளரங்கில் களிமண் பரப்பி அமைத்த தளத்தில் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி நடந்தபோது, 35 வயது அண்ணனும் 34 வயதுத் தம்பியும் மீண்டும் அருகருகே நின்றார்கள். அன்று அவர்கள் தோற்றார்கள். இந்தியாவும் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது.

இவ்வளவும் எதற்காகச் சொல்ல வந்தேன் என்றால், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலமுள்ள ஒரு குடும்பத்தை நான் அறிவேன். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். தகப்பனார் காலஞ்சென்றபின் புதல்வர் இருவரும் வயலைச் சண்டை சச்சரவின்றிப் பங்கிட்டுக்கொண்டார்கள். எந்த வரப்பு யாருடையது, எந்த மடையில் யாருக்கு முதல் தண்ணீர் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. தாயார் யாருடைய பங்கு என்பது மட்டும் எழுத்தில் இல்லை. மூத்தவர் ஊரிலிருந்து விவசாயம் பார்க்கிறார். இளையவர் வளைகுடா நாட்டில் வேலையிலிருக்கிறார். அந்த அம்மாளுக்கு இரு கண்களிலும் புரை விழுந்தது. வெளிநாட்டுச் சம்பளம் வாங்கும் தம்பி ஏற்பாடு செய்வான் என்று அண்ணன் இருந்தார். பக்கத்திலேயே இருக்கும் அண்ணன் அழைத்துப் போவார் என்று தம்பி இருந்தார். கார் அறுவடை முடிந்தது, பிசானமும் முடிந்தது. பூசைக்கு வரும் வழியில் அந்த அம்மாள் கோவிற்படியில் தடுக்கி விழுந்தார்கள். இருவருமே கெட்ட பிள்ளைகள் அல்லர் என்பதே இதில் வேதனை.

சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர் தம் தாயை எவ்வாறு ஒப்படைத்தார் என்பதை அருளப்பர் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எதிரே நின்ற ஒரு சீடரைக் குறித்துச் சொன்னார், தாயிடமும் சொன்னார். அந்நேர முதல் அச்சீடர் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். உயிர் போகும் வேளையிலும் அவர் அந்தப் பந்தை நடுவே விடவில்லை.

மேற்சொன்ன அம்மாளின் வலக்கண்ணுக்கு அறுவை செய்வித்தவர், அந்த வயலில் ஒரு மரக்கால் விதைப்பாடுகூடப் பெறாத மகள். தன் நகையை அடகு வைத்துச் செய்வித்தார். செய்தி அறிந்து புதல்வர் இருவரும் நாணினார்கள் போலும். இடக்கண்ணின் முறை வந்தபோது, அண்ணன் பாளையங்கோட்டைக்குச் சென்று மருத்துவரிடம் நாள் குறித்து வந்தார்; அதே வாரத்தில் தம்பியும் தொலைபேசி வழியாக வேறொரு மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசை முடிந்து அந்த அம்மாள் என்னிடம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முறையிட்டார்கள்: “இரண்டு பேரும் இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள், சாமி. எனக்கு மிச்சமிருப்பது ஒரு கண்தானே?”