‘இயன்றவரை’ என்றொரு சொல்

“மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பான் தம்பி.”

எங்கள் காலனி அண்ணன் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகையில், டீக்கடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. எய்ட்ஸ் வந்து ஒருவர் செத்தால், செத்தவரையே குற்றவாளியாக்கிக் கதையை முடித்துவிடுகிறார்கள். முன்ஜென்மப் பாவம் என்று சொன்ன அதே வாய், இப்போது ‘ஒழுங்கு’ என்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்தது என்ன? அண்ணன் செங்கல் சூளைத் தொழிலாளி. முன்பணக் கடன் இருந்ததால் லீவு கிடையாது. மாதக்கணக்கில் இருமலுக்கு மருந்துக்கடை மாத்திரையை விழுங்கினார். கடைசியில் அரசு மருத்துவமனையில் காசநோய் என்றார்கள், எச்.ஐ.வி.யும் இருந்தது. சிடி4 அணுக்கள் வெறும் 60. நல்ல உடம்பில் 500க்கு மேல் இருக்க வேண்டும். 200க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் கட்டம்.

எய்ட்ஸ் என்று தெரிந்தபின் ஒருவர் எத்தனை காலம் வாழ்வார் என்பதை மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. எந்தக் கட்டத்தில் நோய் தெரிந்தது, காசநோய் இருக்கிறதா, வயிற்றுக்குச் சோறு உண்டா, கூட்டு மருந்து விடாமல் கிடைக்கிறதா? சீக்கிரம் தெரிந்து, மருந்தைத் தொடர்ந்தால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வாழலாம். இந்தக் கேள்விகளில் எதற்காவது கிருமி பதில் சொல்லுமா? நெருக்கியடித்த குடிசையும், அரைவயிற்றுக் கஞ்சியும், ஒருநாள் கூலியை இழந்து மருந்து வாங்கப் போகும் தூரமும் யாருக்கு விதிக்கப்பட்டவை? கிருமி சாதி பார்ப்பதில்லை. ஆயுளைப் பங்கு போடும் சமூகம் பார்க்கிறது.

அண்ணன் மாத்திரையைத் தவறவிட்டது உண்மைதான். சூளையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒளித்து வைத்தார். சேரிக்காரன் என்பதற்காக ஏற்கெனவே தனி டம்ளரைப் பார்த்தவர் அவர். நோய் தெரிந்தால் சொந்த வீட்டிலும் தனித் தட்டு வரும் என்று பயந்தார். அந்தப் பயத்தை அவருக்குள் விதைத்தது யார்?

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் கண்டறியப்பட்டன. அன்றே இது ‘ஒழுக்கம் கெட்டவர் நோய்’ ஆகிவிட்டது. 1996இல் கூட்டு மருந்து மேலைநாடுகளில் உயிர்களைக் காக்கத் தொடங்கியது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனமே ஆண்டுக்கு 350 டாலருக்கு அதைத் தர முன்வந்தது. ஆனால் இந்நாட்டு ஏழைக்கு அரசு மருத்துவமனையில் அது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். அந்த மருந்து பல உயிர்களைக் காத்ததை நான் மறுக்கவில்லை. காத்திருந்தே செத்தவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

2017இல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது. பாகுபாட்டைத் தடை செய்கிறது, சரி. ஆனால் அதன் 14ஆம் பிரிவு, சோதனையும் மருந்தும் ‘இயன்றவரை’ வழங்கப்படும் என்கிறது. உயிரில் என்ன ‘இயன்றவரை’? யாருக்கு இயலாமல் போகும் என்பது நமக்குத் தெரியாதா?

அந்தச் சொல்லை நீக்குங்கள். சூளைக்கும் சேரிக்கும் சோதனையைக் கொண்டு வாருங்கள். மருந்து வாங்க வரும் நாளுக்குக் கூலி கொடுங்கள், சத்துணவும் கொடுங்கள். இவற்றைச் செய்துவிட்டு, அதன்பின் பேசுங்கள் எங்கள் ‘ஒழுங்கை’ப் பற்றி.