கோமேதகம்: விலை கல்லுக்கா, ராகுவுக்கா?

முதல்லயே சொல்லிடறேன். ஜோசியம் உண்மையா பொய்யான்னு சண்டை போட இந்தப் பதிவு இல்லை. அந்தக் கும்மியைப் பதிவுலகம் ஆயிரம் தடவை அடிச்சு முடிச்சாச்சு. நான் கேக்கறது வேற. ராகு பேரைச் சொல்லி விக்கற கல்லுக்கு விலை எங்கேருந்து வருது?

கோபத்துக்குக் காரணம் எங்க சித்தி. இதே தேங்காய்த்திட்டுல ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. பொண்ணுக்கு வரன் தட்டிப் போயிட்டே இருக்கு. ஜாதகத்துல ராகு சரியில்லைன்னு ஒருத்தர் சொன்னார். அவரே கை காட்டின கடையில ஆறு கேரட் கோமேதகம், கேரட் மூவாயிரம் மேனிக்குப் பதினெட்டாயிரம் ரூபா. ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு. மோதிரம் வாங்கப் போனப்ப நானும் கூடப் போய், ஏன் இந்த விலைன்னு கேட்டேன். "தம்பி, இது சிலோன் கல்லு. சர்ட்டிபிகேட் இருக்கு. அஞ்சு கேரட்டுக்குக் கீழ போட்டா ராகுவுக்கு வேலை செய்யாது"ன்னாங்க.

மூணு காரணம். ஒண்ணொண்ணா பிரிச்சு மேயலாம்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை. கோமேதகம்ங்கறது தனிக் கல் இல்லை. கார்னெட்ங்கற பெரிய குடும்பத்துல ஒரு பிள்ளை. அதுல க்ராஸுலர்னு ஒரு வகை. அது தேன் நிறத்துலயோ ஆரஞ்சு நிறத்துலயோ இருந்தா ஹெஸ்ஸொனைட், அதாவது நம்ம கோமேதகம். ஹெஸ்ஸொன்ங்கற கிரேக்கச் சொல்லுக்கு 'தாழ்ந்தது'ன்னு அர்த்தம். கடினமும் அடர்த்தியும் மத்த கார்னெட்டை விடக் கொஞ்சம் கம்மிங்கறதால வந்த பேர். இதைக் கடையில யாரும் சொல்ல மாட்டாங்க :-)

அதே க்ராஸுலர்ல வனேடியமோ குரோமியமோ கலந்து பச்சையா வந்தா அது ட்சாவொரைட். 1967ல கேம்ப்பெல் பிரிட்ஜஸ்ங்கறவர் தான்சானியாவுல கண்டுபிடிச்சார். 1974ல டிஃபனி கம்பெனி அந்தப் பேரை வச்சு அமெரிக்காவுல சந்தைப்படுத்துச்சு. நல்ல ட்சாவொரைட் கோமேதகத்தை விடப் பல மடங்கு விலை. ரெண்டு கேரட்டுக்கு மேல சுத்தமான கல் கிடைக்கறது அபூர்வம், அதனால எடை ஏற ஏற கேரட் விலையும் எகிறும். சிவப்பு அல்மண்டைன் கார்னெட் பெரிய பெரிய கல்லாவே கிடைக்கும், அதனால அதுல அந்தத் தாவல் கிடையாது. ஆக கார்னெட் விலையைத் தீர்மானிக்கறது எந்த வகை, நிறம் எப்படி, உள்ளே எவ்வளவு சுத்தம், வெட்டு எப்படி, அந்த அளவுல எவ்வளவு அபூர்வம்ங்கறதுதான். கூடவே யார் அதுக்கு ஆசைப்படறாங்கங்கறதும்.

இப்ப கடைக்காரர் சொன்னதுக்கு வருவோம்.

சிலோன் கல்: இலங்கைல நல்ல கோமேதகம் கிடைக்குது, மறுக்கலை. ஆனா எனக்குக் காட்டின சர்ட்டிபிகேட்ல ஊர் பேரே இல்லை. வாயால சொன்ன ஊருக்கு எதுக்குக் காசு?

சர்ட்டிபிகேட்: அதுல கல்லோட பேர், எடை, நிறம், இயற்கையானதுதான்னு ஒரு வரி. அவ்வளவுதான். இந்தக் கல் இத்தனை ரூபா பெறும்னு அதுல எங்கேயும் போட்டிருக்காது. கோமேதகம்னு சொல்லிக் கண்ணாடியைக் குடுக்கலைங்கறதுக்கு அது அத்தாட்சி. விலைக்கு இல்லை.

அஞ்சு கேரட்: கேரட் கணக்குல விக்கற ஒரு பொருளுக்குக் குறைஞ்சபட்ச எடை எவ்வளவுன்னு விக்கறவங்களே முடிவு பண்றாங்க. நாங்க பொட்டி தட்டுற எடத்துல வெண்டார் இப்படிச் சொன்னா, மீட்டிங்லயே எழுந்து சிரிச்சிருவோம்.

இவங்க யாரும் திரும்பிப் பாக்காத கார்னெட் ஒண்ணு இருக்கு. எங்க ஊர் ஆத்துக்கு அந்தப் பக்கம் அரிக்கமேடு. 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டின எடம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ரோமானியச் சரக்கு வந்து இறங்கின துறைமுகம், மணி செய்யற பட்டறையும் இருந்துச்சு. அங்கே கிடைச்ச சிவப்புக் கார்னெட் மணிகளை ஆராய்ஞ்சு 2017ல ஒரு ஆய்வு வந்தது. கல்லோட வேதியியலும் உள்ளே இருக்கற துணுக்குகளும், முக்கியமா சில்லிமனைட் இழைகள், இன்னிக்குத் தெலங்கானால இருக்கற கரிப்பேட்டைக் கல்லோட ஒத்துப் போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. வியாபாரத்துல 'குத்தம்'னு விலையைக் குறைக்கற அதே துணுக்குதான் கல்லோட அட்ரஸைச் சொல்லுது. இன்னொரு கார்னெட்டான ரஷ்ய டிமண்டாய்டுல குதிரை வால் மாதிரி இழை இருந்தா விலை ஏறவே செய்யுது! இதே கார்னெட்டை நம்ம தெக்கத்திக் கடற்கரைல, 2013ல தமிழ்நாடு அரசு தாது மணல் அள்ளுறதை நிறுத்துற வரைக்கும், டன் கணக்குல அள்ளி இரும்பைத் தேய்க்கறதுக்கு வித்தாங்க.

"ஏன்டா, டிஃபனி பேர் வச்சதும் வியாபாரத் தந்திரம்தானே? நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா ட்சாவொரைட் வாங்கறவன் ஆசைப்பட்டு வாங்கறான், புடிக்கலைன்னா எழுந்து வந்துடலாம். இங்கே எழுந்து வந்தா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாதுன்னு மிரட்டல். ஆசைக்குப் பேரம் பேசலாம். பயத்துக்கு எப்படிப் பேசறது? எங்க சித்தி மீன் மார்க்கெட்ல அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டறவங்க. அன்னிக்கு வாயே திறக்கலை.

இன்னொண்ணு. ஒருத்தர் போட்ட ராசிக்கல்லை இன்னொருத்தர் போடக்கூடாது, அவங்க தோஷம் நமக்கு வந்துரும்னு சொல்றதும் இதே ஆளுங்கதான். அப்படின்னா அவங்க கணக்குப்படியே, விரல்ல ஏறின நிமிசத்துல அந்தக் கல்லோட மறுவிற்பனை விலை பூஜ்யம். பதினெட்டாயிரம் பெறுமானம் உள்ள பொருள் ஒரே நாள்ல எப்படிப் பூஜ்யமாகும்? கல் அப்படியேதான் இருக்கு. காசு கல்லுக்குக் குடுக்கலை, அவ்வளவுதான்.

அதனால மக்களே, உங்க வீட்டுல யாராவது கோமேதகம் வாங்கக் கிளம்பினா தடுக்க வேண்டாம், தடுத்தாலும் கேக்க மாட்டாங்க. ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லுங்க. ஒண்ணு: ராகு பேரை எடுக்காம இந்த விலைக்குக் காரணம் சொல்லுங்க. ரெண்டு: ஒரு வருசம் கழிச்சு என்ன விலைக்குத் திருப்பி எடுத்துப்பீங்க, பில்லுல எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்தா அவர் கல் வியாபாரி. தாராளமா வாங்கலாம். குடுக்கலைன்னா வளையலைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க.

டிஸ்கி: நேர்மையா கல் விக்கறவங்களும் இருக்காங்க. இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை. ஆட்டோ எல்லாம் அனுப்பாதீங்கப்பா.