ஓடையில் செத்து மிதந்த 2,000 வாத்துகள்... பறவைக் காய்ச்சல் இல்லை, பூஞ்சை! எப்படி?

2006 டிசம்பர். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பர்லி என்ற ஊருக்கு அருகே உள்ள லேண்ட் ஸ்பிரிங்ஸ் ஓடையில் மல்லார்ட் வகைக் காட்டு வாத்துகள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. சில நாட்களிலேயே எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது.

பறவைக் காய்ச்சல் பயம் உலகம் முழுக்க இருந்த நேரம் அது. எல்லோருடைய சந்தேகமும் நேராக அங்கேதான் போனது. ஆனால், ஆய்வக முடிவு வேறு ஒன்றைச் சொன்னது: ஆஸ்பெர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சை நோய். பூசணம் பிடித்த தானியத்தைத் தின்றதே காரணமாக இருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினார்கள்.

பூசணம் எப்படிக் கொல்லுது?

இந்த நோயை அதிகம் உண்டாக்குவது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். இதன் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். பறவை தானியத்தைக் கொத்தும்போது தூசியோடு மூச்சில் கலந்து, நுரையீரலுக்கும் அதை ஒட்டிய காற்றுப் பைகளுக்கும் போய்விடும். பறவைகளின் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 50 டிகிரியைக்கூடத் தாங்கும் இந்தப் பூஞ்சைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கொஞ்சம் வித்து போனால் உடம்பு சமாளித்துவிடும். மொத்தமாகப் போனால் மூச்சுத் திணறல்தான். இது ஒரு பறவையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. எல்லாம் ஒரே இடத்தில் ஒரே தீனியைத் தின்பதால்தான் கூட்டமாகச் சாகின்றன.

அப்போ பூஞ்சையே வில்லனா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஓடையில் விழும் இலைகளை மட்கச் செய்யும் ஒரு தனிப் பூஞ்சைக் கூட்டத்தை 1942-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி இங்கோல்ட் விவரித்தார். இவற்றில் பலவற்றின் வித்துகளுக்கு நான்கு கை இருக்கும். ஓடும் நீரில் இலையைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. பூஞ்சை ஊறி மெத்தென்று ஆன இலையைத்தான் நீர்ப்பூச்சிகள் விரும்பித் தின்னும். அந்தப் பூச்சிகள் மீனுக்கும் பறவைக்கும் சாப்பாடு. பூஞ்சை இல்லாவிட்டால் இந்தச் சங்கிலியே ஆட்டம் காணும்.

பறவைகளும் சும்மா வந்து போவதில்லை. எச்சமும் உதிர்ந்த இறகும் பல பூஞ்சைகளுக்குத் தீனி. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைகூட நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிப் பயணிக்கக்கூடும் என ஆய்வுகள் சொல்கின்றன.

நமக்கு என்ன?

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் மனிதர்களையும் தாக்கும், முக்கியமாக எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் இது முதல் வரிசையில் இருக்கிறது. இதற்கு மருந்து அசோல் வகை. அதே வகை மருந்தைத்தான் வயலில் பயிர்நோய்க்கும் தெளிக்கிறோம். அதனால், மருந்துக்கு மசியாத பூஞ்சை மண்ணிலேயே உருவாகிவிடுகிறது.

என்ன பண்ணலாம்?

கெட்டுப்போன தானியத்தையும் ரொட்டியையும் ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். பறவைக்குப் போடுவது புண்ணியம்தான். பூசணம் பிடித்ததைப் போட்டால் அது விஷம். பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காரணம் வைரஸா, பூஞ்சையா, வேறு விஷமா என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஐடஹோவில் விடை கிடைத்ததும் அப்படித்தான்.